மாட்டுக் கொட்டிலுக்குள் ஒரு வண்டிப் பட்டறை

குனிந்து வாருங்கள், நிலை தாழ்வு. வலப்பக்கம் தொங்குவது சைக்கிள் செயின். சேட்டில் பட்டால் அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. இடப்பக்கம் கூரை வரை அடுக்கியிருப்பது மிலாறு. அது அடுப்புக்கு வெட்டி வைத்தது, வண்டிக்கு அல்ல. அதிலிருந்து ஒரு குச்சியை உருவினாலும் லயத்து அம்மாமார் பட்டறையை இழுத்து மூடிவிடுவார்களாம். காலடியில் கிடக்கும் ஆணிகளைக் கவனியுங்கள். அந்த ஜேம் டின்னை மட்டும் தட்டிவிடாதீர்கள், அதற்குள்தான் இன்றைக்கு எல்லா உயிரும் இருக்கிறது!

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே கொங்கிரீட் பாதையில் மூச்சு வாங்க ஏறினால், பணிய லயத்துக்குப் பின்னால் இருக்கிறது இந்தப் பழைய மாட்டுக் கொட்டில். மாடு போய் வருஷக்கணக்காகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே சுத்தியல் சத்தம்தான். லயத்துப் பிள்ளைகள் தாங்களே வடிவமைத்து ஒரு வண்டி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உள்ளே விடுவார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டார்கள்! ஒரே ஒரு நிபந்தனை: வண்டி ஓடி முடியும்வரை மேட்டு லயத்துப் பசங்களிடம் மூச்சு விடக்கூடாது. ஓடி முடிந்துவிட்டது. இனி எல்லாவற்றையும் சொல்லலாம்.

முதலில் ஆட்களைப் பாருங்கள். மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டையைச் செதுக்குகிறவர் பிட்டர் மாமா. தேயிலை ஸ்டோரில் ரோலர்களைப் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பிட்டர் மாமாதான். கொப்பியும் பென்சிலுமாக நிற்பவள் சாதாரண தரம் எழுதப்போகும் அக்கா. வண்டியின் படம், அளவு, யாருக்கு எத்தனை முறை ஓட்டம், எல்லாக் கணக்கும் அந்தக் கொப்பிக்குள். மண்ணெண்ணெய்க் கையோடு சுற்றுகிற மூன்று பையன்களும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள். மிலாறுக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டுகிறாளே ஒரு சின்னவள், எடை குறைவு என்பதால் அவள்தான் டிரைவர். இந்த முடிவை எதிர்த்துப் பையன்கள் இன்னமும் மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஜேம் டின்னுக்குள் எட்டிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன பேரிங்குகள். பதுளை டவுனில் திரீவீல் கராஜ்களில் கழற்றிப் போட்டவை. வாகனத்துக்கு உதவாது என்று தூக்கி எறிந்ததில்கூட ஒரு பிள்ளையைச் சுமக்கும் அளவுக்கு ஓட்டம் மிச்சமிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் தேய்த்து, துணியில் துடைத்து, விரலில் மாட்டிச் சுழற்றிக் காதோரம் பிடிக்கிறான் ஒருவன். கொட்டிலே மௌனமாகிறது. 'கரகர' என்றால் வெளியே. 'ஸ்ஸ்ஸ்' என்று நீண்டால் உள்ளே. அவன் முகத்தைப் பார்த்தாலே தீர்ப்புத் தெரிந்துவிடும்.

விளிம்பில் பொறித்திருக்கும் எண்களை இவர்கள் பாடப்புத்தகத்தைவிட நன்றாக வாசிக்கிறார்கள். 6203, 6204, 6205. கடைசி இரண்டு இலக்கம் 04 என்றால் அதை ஐந்தால் பெருக்கு, நடுத்துளையின் அகலம் 20 மில்லிமீற்றர். 05 என்றால் 25. ஆனால் 03-க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அது 17. அக்கா அதைக் கொப்பியில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறாள், ஏனென்றால் ஒரு அச்சுக்கட்டை அந்த இரண்டு மில்லிமீற்றரில் வீணாகிப் போனதாம்.

பேரிங் காய்ந்ததும் ஒரு சண்டை தொடங்குகிறது. கிறீஸ் போடுவதா, வேண்டாமா?

"கிறீஸ் போட்டா சுத்தாது மாமா, பாருங்க, சும்மா விட்டா எவ்வளவு நேரம் சுத்துது!"

"விரல்ல சுத்தறது வேற, ஆளை வச்சுக்கிட்டு சுத்தறது வேறடா. கிறீஸ் இல்லாட்டி ரெண்டு நாளையில செத்துப்போகும்."

"ரெண்டு நாள் போதும் மாமா!"

மாமா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உளி நழுவியது. கடைசியில் கிறீஸ்தான் வென்றது. அதைத் தடவும் வேலைக்கு மட்டும் மூன்று பையன்களுமே போட்டி போட்டார்கள், முழங்கை வரை பூசிக்கொள்ளக் கிடைக்கும் அல்லவா.

மாமா செதுக்குவது முன் அச்சு. பலகை எல்லாம் சவுக்கு; தேயிலைக்கு நிழலாக நின்று, காற்றில் விழுந்த மரம். லேசானது, ஆணி சுலபமாக இறங்கும். ஆனால் அச்சுக்கு அது தாங்காது. அதற்குத் தேயிலைத் தூர்! மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்ட இடத்திலிருந்து தேடி எடுத்து வந்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கத் தோதாக வெட்டி வெட்டி இடுப்புயரத்தில் நிறுத்தி வைக்கிற செடிக்குள் இவ்வளவு வைரம் பாய்ந்த கட்டை இருக்கும் என்று தொட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். உளியால் தோராயமாக உருட்டி, பிறகு உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி, பேரிங்கை வைத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி... நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்க, அதைத் துடைக்கக் கை ஓயாமல், தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டுகிறார். பேரிங் 'டக்' என்று ஏறி உட்கார்ந்தபோது அந்தக் கொட்டிலில் எழுந்த கூச்சலுக்கு வெளியே கோழிகள் பறந்தன.

இனிதான் முக்கியமான கட்டம். எந்த ஊரில் வண்டி செய்தாலும் முதல் கேள்வி 'எப்படி ஓடும்' என்பது. ஊவாவில் அந்தக் கேள்வியே இல்லை. பாதையில் வைத்துக் கையை எடுத்தால் ஓடும். இங்கே முதல் கேள்வி 'எப்படி நிற்கும்' என்பதுதான், வடிவமைப்பு பிரேக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தட்டை நிலத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். மலையில் சைக்கிள் என்றால் ஏறும்போது நாம் அதைத் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளும். இந்தச் சரிவுக்கென்றே ஒரு வண்டி வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்ததில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று நான் வியந்துகொண்டே இருந்தேன்.

பையன்களின் பழைய வண்டிக்குக் கால்தான் பிரேக். செருப்பு தேயும், செருப்புத் தேய்ந்தால் குதிகால் தேயும், அது தேய்ந்தால் வீட்டில் அடி விழும். நான் அவர்களிடம் ஜெர்மனிக்காரர் கார்ல் ட்ரைஸின் கதையைச் சொன்னேன். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து, இரண்டு சில்லுள்ள மர வண்டியில் உட்கார்ந்து, காலால் நிலத்தை உதைத்து உதைத்தே சுமார் 13 கிலோமீற்றர் போய்வந்தார், ஒரு மணி நேரத்துக்குள். சைக்கிளுக்கு மூதாதை அதுதான், பெடலே கிடையாது.

"பெடல் இல்லையா? அப்ப நம்ம வண்டி மாதிரித்தானே!" பெரியவனுக்கு முகமெல்லாம் பல். 1934-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பிள்ளைகள் தாங்களே செய்த சோப்புப் பெட்டி வண்டிகளுக்கு நாடு தழுவிய பந்தயம் வைத்தார்கள், அடுத்த வருஷமே அது அக்ரன் நகருக்குப் போனது என்றேன். கொங்கோவின் கோமா நகரில் மூட்டை மூட்டையாகச் சாமான் ஏற்றிப்போகும் சுக்குடு என்ற மரவண்டியின் படத்தைப் போனில் காட்டினேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, மரச்சில்லைச் சுற்றி டயர் ரப்பரை எப்படி ஆணியடித்திருக்கிறார்கள் என்று மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு பார்த்தன. படத்தைப் பெரிதாக்கி ஆணியை எண்ணினான் ஒருவன்.

இவர்களுடைய புது வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று, லொறி டயரில் வெட்டிய ஒரு துண்டு; அதைக் கீல் போட்ட பலகையில் அடித்து, கைப்பிடியை இழுத்தால் நிலத்தில் அழுந்துகிற மாதிரி. மற்றது, பின்னால் மாட்டியிருக்கும் சின்னச் சைக்கிள் சில்லின் சொந்த பிரேக். ஆமாம், இந்த வண்டிக்கு முன்னால் இரண்டு பேரிங், பின்னால் ஒற்றைச் சைக்கிள் சில்லு. ஏன் அப்படி என்று கேட்டேன். அக்கா கொப்பியைச் சட்டென்று மூடிவிட்டாள். "அது அப்புறம்."

வெளியே வந்து பாதையைப் பாருங்கள். சரிவை அளக்க இவர்கள் கண்டுபிடித்த கருவி ஒரு பலகை, அதன்மேல் படுக்க வைத்த பாதித் தண்ணீர்ப் போத்தல். தண்ணீர் மட்டமாகும்வரை பலகையின் ஒரு முனையைத் தூக்கி, கீழே உள்ள இடைவெளியை அளப்பது. எட்டு அடிக்கு ஓரடி இறக்கம் என்று கணக்கு வந்திருக்கிறது. பதுளை ரயில் பாதையின் கடும் ஏற்றமே 44 அடிக்கு ஓரடிதான். பட்டிப்பொலைக்கு அப்பால் 1,898 மீற்றர் உச்சியைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கி, 1924-இல் பதுளைக்கு வந்து சேர்ந்த பாதை அது. தெமோதரையில் சரிவை ஏமாற்ற, ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, நமது தோட்டத்துத் தலைப்பாகை ஒன்று அந்தச் சுற்றில் இருப்பதாக நினைக்க எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

"நம்ம ரோட்டு ரயில் ரோட்டைவிட அஞ்சு மடங்குக்கு மேல சரிவு மாமா!" பையன் பெருமையோடு சொன்னான். மாமாவுக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. உச்சியிலிருந்து விடக்கூடாது, நடு மதகிலிருந்துதான் என்று கோடு கிழித்தார். வாகனம் வந்தால்? மேல் வளைவில் ஒருத்தி, கீழ் வளைவில் ஒருத்தன், இருவர் வாயிலும் விசில். டிரைவர் தலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மட். ஆடாமல் இருக்க உள்ளே துவாய் மடித்து வைத்திருக்கிறார்கள். அவள் கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிகின்றன.

முன் அச்சின் இரு முனையிலும் கட்டிய கயிறு அவள் கையில். கால் இரண்டும் அச்சின் மேல். விசில், கீழிருந்து பதில் விசில். ஒரு தள்ளு.

பேரிங் கொங்கிரீட்டில் எழுப்புகிற அந்த இரைச்சலை நீங்கள் கேட்க வேண்டும்! பாதம் வழியாக ஏறி, பல்லில் வந்து நிற்கும். இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுளகோடு எழுந்து வந்தார்கள். நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. வளைவில் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் விலகியது, எல்லோரும் "ஐயோ" என்பதற்குள் சின்னவள் கயிற்றை இழுத்துத் திருப்பிவிட்டாள். டயர்த் துண்டு நிலத்தில் உரசும் சத்தம், கருகிய ரப்பர் வாசனை. நிறுத்தக் கீறியிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டது வண்டி! ஹெல்மட்டைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இன்னொருக்கா!"

பொதுவில் யாரும் பார்க்காத பாகம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இறங்கினதை ஏற்ற வேண்டுமே. தள்ளுகிறவர்கள் இருவர், வண்டி நேராக ஏற, டிரைவர் உட்கார்ந்து திருப்ப வேண்டும். சேட்டு முதுகில் ஒட்டிப்போய், கன்னம் சிவந்து, நடுவில் கல் அண்டக் கொடுத்து மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி. அக்கா இதற்கும் கணக்கு வைத்திருக்கிறாள். வண்டியும் சின்னவளும் சேர்த்து 40 கிலோ. கீழிருந்து மதகுவரை உயரம் 40 மீற்றர். அவ்வளவையும் மேலே ஏற்ற உடம்பு செலவழிக்கும் சக்தி, தசை வீணாக்குகிற முக்கால் பங்கையும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி சீனிக்குள் அடங்கிவிடும். தள்ளுகிறவர்கள் தங்கள் உடம்பையும் தூக்கிக்கொண்டு ஏறுவது தனிக் கணக்கு.

"ஒரு கரண்டிதானா?" பையன் நம்பவில்லை. "நான் ஒரு மூட்டையாவது செலவழிச்சிருப்பேன்." அந்தச் சமயம் பார்த்து லயத்திலிருந்து பிளேன்டீ வந்தது. அவன் தன் கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்டுக்கொண்டு, மூன்று ஓட்டத்துக்கு முற்பணம் என்றான். ரொட்டியும் காரச் சம்பலும் வந்ததும் கணக்கு வழக்கெல்லாம் மறந்துபோயிற்று.

சாயங்காலம் நான்கு மணிபோல வண்டியைக் கோயில் முன்னால் உள்ள சீமெந்துத் தரைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். மட்டமான தரை. பேரிங் வண்டிக்கு அங்கே என்ன வேலை? அக்கா கொப்பியைத் திறந்தாள். ரகசியம் இதுதான்: இறக்கத்தில் மட்டும் ஓடினால் அது பாதி வண்டி என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் நிமிர்ந்து நிற்கும் ஒரு கைக்கம்பு. அதை மார்புக்கு இழுத்தால், அதில் கட்டிய செயின் பின் சில்லின் பல்சக்கரத்தைச் சுற்றிவிடும். கையைத் தளர்த்தினால், பழைய டியூப் ரப்பர் செயினைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், சில்லு தன்பாட்டுக்கு 'டிக் டிக்' என்று ஓடும். படகு வலிப்பது மாதிரி வலிக்க வேண்டியதுதான்! பேரிங் வெறுமனே சுழலுமே தவிர நிலத்தைப் பிடித்து உந்தாது, அதனால்தான் பின்னால் சைக்கிள் சில்லு. ஏறத்தாழ 100 வருஷத்துக்கு முன் அமெரிக்கப் பிள்ளைகளிடம் 'ஐரிஷ் மெயில்' என்று கைக்கம்பால் இழுத்து ஓட்டும் நாலு சில்லு விளையாட்டு வண்டி இருந்தது. மாமா அதைக் கேள்விப்பட்டதேயில்லை. ஸ்டோரில் இத்தனை வருஷம் பெல்ட்டும் பல்சக்கரமும் பார்த்த கை தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் இழுப்பு. வண்டி ஒரு முழம் நகர்ந்தது, கைக்கம்பு திரும்பி வரவில்லை. "வண்டிக்குச் சோம்பேறித்தனம் மாமா!" டியூப்பை மடித்து இரட்டையாகக் கட்டினார்கள். இரண்டாம் இழுப்பில் செயின் கழன்றது. மூன்றாவதில் டியூப் 'படார்' என்று அறுந்து மாமாவின் தொடையில் அடிக்க, அவர் துள்ளிய துள்ளலுக்குப் பூசாரியே வெளியே வந்து சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா கொப்பியில் ஒரு வரி. கறுத்த விரல்கள், கழன்ற பொத்தான், செயினை ஏற்ற ஒருவன் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறான். எந்தக் கண்காட்சியிலும் இதைக் காட்டமாட்டார்கள். எனக்கோ இதைவிட்டு எழுந்து வரவே மனமில்லை.

ஒருவழியாக ஓடத் தொடங்கியது. பையன்கள் மாறி மாறி வலித்தார்கள். தரையின் பாதிக்கு வருவதற்குள் கை ஓய்ந்தது, தோள் ஓய்ந்தது. அப்போதுதான் கோயிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னாங்கடா இது, சாமி முன்னால ஒரே சத்தம்?"

பெரியவனின் அம்மாயி. ஆயுசில் பாதிக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். திட்டத்தான் வந்தார். ஆனால் கைக்கம்பைப் பார்த்த பார்வை திட்டுகிறவர் பார்வை இல்லை. சுற்றிப் பார்த்தார், சேலையை இழுத்துச் செருகினார், "எந்திரிடா" என்றார். பலகையில் பாதிதான் அவருக்கு இடம் கொண்டது. கம்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், வண்டி பாய்ந்தது! இரண்டு, மூன்று, நான்கு. பையன்கள் நின்றுபோன இடத்தைத் தாண்டி, வேப்பமர நிழலைத் தாண்டி, தரையின் மறுகோடிவரை போய், பிரேக் எங்கே என்று தெரியாமல் காலை ஊன்றி நிறுத்திவிட்டு, பல் தெரியச் சிரித்தார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது.

"கொழுந்து எடுத்த கைடா இது. காலு வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இதுல தினம் ரெண்டு சுத்து சுத்தலாம்."

அதற்குள் லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, மற்றவர் "நீங்க ஏறுங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுக்க, கோயில் முன்னால் திருவிழாக் கூட்டம். பிள்ளைகளுக்கென்று அளவெடுத்த வண்டி. பலகை அகலம் போதாது, கால் வைக்கும் கட்டை மிகக் கிட்டே, கைக்கம்பு உயரம் குறைவு. சின்னவள் மட்டும் ஓரமாக ஹெல்மட்டை அணைத்துக்கொண்டு நின்றாள், தன் பதவி பறிபோய்விடுமோ என்ற கவலையோடு. அக்கா அவளருகே போய்க் கொப்பியைக் காட்டினாள். இறக்கத்துக்கு அவள்தான் டிரைவர், பேனையால் எழுதியாயிற்று. மட்டத் தரைக்கு வேறு பட்டியல்.

மாமா ஏற்கெனவே வண்டியைப் புரட்டிப் போட்டு ஆணி கழற்ற ஆரம்பித்திருந்தார். இருக்கைப் பலகை ஒரு சாண் அகலமாகிறது. முன் அச்சு இன்னும் இரண்டு விரல் நீளம். கைக்கம்பில் உயரம் கூட்டவும் குறைக்கவும் மூன்று துளை.

"சவுக்குப் பலகை இன்னும் ஒண்ணு வேணும்," என்றார் நிமிராமல்.

"எங்க வீட்ல இருக்கு," என்றார் அம்மாயி. "மூட்டை அடுக்கி வச்சிருக்கேன். மூட்டையை எறக்கிட்டு எடுத்துக்கிட்டு வாங்கடா."

மூன்று பையன்களும் லயத்தை நோக்கி ஓடினார்கள்.